முப்பது நொடிக்கு ஒரு நலம்

இறந்து பதினோரு நாளாகியும் மரகதத்தின் பெட்டியில் சூடு தணியவில்லை. அவள் கணவர் அர்த்தநாரி அதைத் துண்டில் சுற்றி, சோமனூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, கோயம்புத்தூரில் அதைத் தயாரித்த அயரா நிறுவனத்தின் வரவேற்பறையில் காலை ஒன்பது மணி முதல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நான்கு பேர் வந்து அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போயிருந்தார்கள். நால்வரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். வாடிக்கையாளர் உறவுத் துறை எழுதி, சட்டத் துறை திருத்தி, அச்சிட்டுக் கொடுத்த வாக்கியம் அது. போகும்போது நால்வரும் பெட்டியைக் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை.

ஐந்தாவதாக வந்த தமயந்தி அனுதாபம் சொல்ல வரவில்லை. "கீழ ஒருத்தர் செத்தவங்க பெட்டி இன்னும் சூடா இருக்குன்னு உக்காந்திருக்கார்" என்று கேண்டீனில் யாரோ கேலியாகச் சொன்னது காதில் விழுந்ததும், குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்திருந்தாள்.

"தொட்டுப் பாக்கலாமுங்களாண்ணா?"

அவர் துண்டை விலக்கினார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, சாம்பல் நிறப் பெட்டி. தமயந்தி புறங்கையை வைத்துப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது.

"ஆஸ்பத்திரில எடுத்துக் குடுத்தப்பவே இப்படித்தானுங்க மேடம். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா. நாலு மணிக்குக் காப்பி போட எழுப்பறேன், எந்திரிக்கல. மாரடைப்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எரிக்கறதுக்கு முன்ன பெட்டிய எடுக்கணும், இல்லீன்னா தீயில வெடிக்கும்னு எடுத்தாங்க. கைல வாங்குனா சுடுது. அணைஞ்சிருமோன்னு பெட்டிக்குச் சார்ஜ் ஏத்த நான் இடுப்புல கட்டற பட்டைல வெச்சே சார்ஜ் போட்டுட்டு இருக்கறேன்."

"உங்க பட்டைலயா? அப்ப உங்களுக்கும்..."

"இருக்குதுங்க. ஒரே நாள்ல வெச்சது, ரெண்டு பேருக்கும்." அவர் தன் விலாவைத் தட்டிக் காட்டினார். கண்களுக்குக் கீழே கறுப்பாய்க் குழி விழுந்திருந்தது. "அதுக்கப்பறம் நான் படுக்கறதில்லீங்க. எங்கக்கா பக்கத்துல உக்காந்து நெஞ்சப் பாத்துட்டே இருக்கும். அப்ப ஒரு அர மணி நேரம் கண்ண மூடுவேன். அதுக்கும் வயசு அறுபத்தஞ்சு. எத்தன நாளைக்குங்க பாக்கும்?"

பதினான்கு வருடங்களுக்கு முன் வந்துபோன காய்ச்சல் பலரைக் கொன்றது. பிழைத்தவர்களில் சிலருக்கு மூளையின் அடித்தண்டில், மூச்சைத் தானாக நடத்தும் இடத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனது. அவர்களால் மூச்சு விட முடியும், ஆனால் நினைத்து நினைத்து விட வேண்டும். விழித்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. தூங்கினால் நினைக்க ஆள் இல்லை. ஆகவே விலாவுக்குக் கீழே ஒரு பெட்டியும் அதிலிருந்து உதரவிதானத்துக்கு ஒரு கம்பியும் வைத்தார்கள். நாலு நொடிக்கு ஒரு முறை பெட்டி கம்பியைத் தட்டும், மூச்சு வரும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் அடித்தளத்தைக் கெர்னல் என்பார்கள். மற்ற நிரல்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன; யார் எப்போது எதைத் தொடலாம் என்று தீர்மானிப்பது அது. அயராவில் அந்தக் கெர்னலுக்குப் பொறுப்பு தமயந்தி.

சூடு என்றதும் அவள் ஓடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஓய்ந்துபோன பெட்டி குளிர்ந்துவிடும். ஒழுங்காக வேலை செய்யும் பெட்டி தட்டிவிட்டுத் தூங்கும், மறுபடி தட்டும், தூங்கும், அதுவும் சுடாது. பெட்டி சுடுகிறது என்றால் உள்ளே யாரோ இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வரும் பெட்டிகளை அயராவில் யாரும் இந்த நிலையில் பார்த்ததே இல்லை. வந்தவுடன் 'தரவுத் தூய்மை' என்ற பெயரில் ஒரு பிரிவு அவற்றை அணைத்து, துடைத்து, புதிதாக ஓட்டிப் பார்த்து, 'குறை எதுவும் இல்லை' என்று சீட்டு ஒட்டிவிடும். பிணத்தைக் குளிப்பாட்டிவிட்டுக் காயமில்லை என்று சான்று கொடுக்கிற பிரிவு என்று தமயந்தி அதைச் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள், அடுத்த பெட்டியை அணைப்பார்கள்.

"மேல வாங்கண்ணா. அணைக்காமப் படிச்சுப் பாக்கலாம்."

மேசையில் பெட்டியை வைத்து, மெல்லிய ஊசி போன்ற கம்பி ஒன்றை அதன் ஓரத்துளையில் செருகினாள். அணைக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கும் வழி அது. திரையில் வரிகள் ஓடி நின்றன. அவள் ஒரு முறை படித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தாள்.

"சொல்லுங்க மேடம். எனக்குப் புரியாதுன்னு விட்றாதீங்க."

யாராவது இப்படிக் கேட்டால் தமயந்தியால் சும்மா இருக்க முடியாது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உள்ள மூணு ஆளுங்க வேல செய்யறாங்கன்னு வெச்சுக்கங்கண்ணா. மொத ஆளு மூச்சு குடுக்கறவன். ரெண்டாவது ஆளு, முப்பது செகண்டுக்கு ஒருக்கா 'நலம்'னு கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பறவன். மூணாவது வாட்ச்மேன். யாராவது நின்னுபோனா எல்லாத்தையும் அணைச்சு மறுபடி ஓட்டி விடறது அவன் வேல."

"சரிங்க."

"அவங்களுக்குப் பொதுவா ரெண்டு பொருளு. ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. ஒரே நேரத்துல ரெண்டு பேரு நோட்டுல எழுதுனா எழுத்து மேல எழுத்து விழுந்து கொழம்பிருமில்லீங்களா? அதனால ரெண்டுக்கும் ஒவ்வொரு பூட்டு. தொடறவன் பூட்டிக்கணும், முடிச்சுட்டுத் தொறந்து விடணும். இதுவரைக்கும் நல்ல ஏற்பாடுதான். இப்பப் பாருங்க. மூச்சுக்காரன் மொதல்ல கடிகாரத்தப் பூட்டிக்கறான், மூச்சு குடுக்கறதுக்கு. குடுத்தேன்னு எழுதறதுக்கு அப்படியே நோட்டுக்குக் கை நீட்டறான். ரிப்போர்ட்டுக்காரன் நேர் எதிர். மொதல்ல நோட்டப் பூட்டிக்கறான். எத்தன மூச்சாச்சுன்னு பாக்கக் கடிகாரத்துக்குக் கை நீட்டறான்."

அர்த்தநாரி நிமிர்ந்தார்.

"எங்க தறிக் குடோன்ல இதே கூத்து நடந்துச்சுங்க! ஒருத்தன் ஸ்பேனர எடுத்துட்டான், ஒருத்தன் சுத்தியல எடுத்துட்டான். ரெண்டு பேருக்கும் ரெண்டும் வேணும். நீ குடு, நீ குடுன்னு மொறச்சுட்டு நின்னதுல ரெண்டு தறியும் அர நாள் ஓடல."

"அதேதானுங்க. அதுலயாவது மனுசங்க, சலிச்சுப்போய் ஒருத்தன் கீழ வெச்சிருவான். இதுங்களுக்குச் சலிப்பே கெடையாது. 'தொறந்துருச்சா, தொறந்துருச்சா'ன்னு செகண்டுக்குப் பல கோடி தடவ கேட்டுட்டே நிக்கும். அந்தக் கேள்வியோட சூடுதானுங்க இது."

அவர் பெட்டியைப் பார்த்தார். "பதினோரு நாளாவா?"

"பதினோரு நாளா."

"அந்த வாட்ச்மேன் எங்க போனானுங்க? நானா இருந்தா ரெண்டு பேரையும் ரெண்டு ஏசு ஏசிட்டுச் சுத்தியலப் புடுங்கியிருப்பேன்."

"அவனும் வரிசைல நிக்கறானுங்கண்ணா." தமயந்தியின் உதடு கோணியது. "மூணு வருசத்துக்கு முன்ன எங்க வக்கீல் டிப்பார்ட்மென்ட்ல ஒரு உத்தரவு போட்டாங்க. காரணத்த எழுதி வெக்காம பெட்டிய அணைக்கக் கூடாதாம். கோர்ட்டுக்குப் போனா ஆதாரம் வேணுமாம். காரணத்த எங்க எழுதறது? அதே நோட்டுல. நோட்டு பூட்டியிருக்குது."

"ஊடு தீப்புடிச்சா எதுனால புடிச்சுதுன்னு எழுதிட்டுத்தான் தண்ணி ஊத்துவாங்களாமா உங்காளுங்க?"

"ஊத்துனதுக்கு ரெண்டு கையெழுத்தும் வாங்குவாங்க."

அவர் சிரித்தேவிட்டார். சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை மடித்தார்.

"சரி பண்ண என்னுங்க பண்ணோணும்?"

"எல்லாரும் கடிகாரம் முன்ன, நோட்டு பின்னன்னு ஒரே வரிசைல எடுத்தாப் போதும். ஒருத்தன் கடிகாரத்த எடுத்துட்டா மத்தவன் வெறுங்கையோட காத்திருப்பான். வெறுங்கையோட நிக்கறவன் யாரையும் தடுக்கறதில்லீங்களே. ரெண்டு வரிய எடம் மாத்துனா முடிஞ்சுது."

"இவ்வளவுதானுங்களா?" என்றார் அர்த்தநாரி. கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், "இவ்வளவுக்குத்தானுங்களா?" என்றார்.

படித்த வரிகளை எல்லாம் சேமித்துவிட்டு, "இனி இத நிறுத்திடலாமுங்களாண்ணா?" என்று கேட்டாள். அவர் பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தலையசைத்தார். அவள் அணைத்தாள். அவர் அதைக் கையில் வைத்தபடியே வரவேற்பறைக்கு இறங்கிப் போனார்.

அவர் போனதும் தமயந்திக்கு ஆத்திரம் வந்தது. இந்தத் தவறு தப்பியிருக்கவே கூடாது. கெர்னலுக்குள் இதற்கென்றே ஒரு சோதகன் உண்டு. பூட்டுகள் முட்டி நிற்கும்வரை அது காத்திருப்பதில்லை. யார் எந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குக் கை நீட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வரும். திங்கட்கிழமை ஒருவன் கடிகாரம், நோட்டு என்று எடுத்து, வெள்ளிக்கிழமை இன்னொருவன் நோட்டு, கடிகாரம் என்று எடுத்தால் போதும். இருவரும் நேரில் சந்திக்காவிட்டாலும், 'ஒரு நாள் இது முட்டும்' என்று கத்திவிடும். நடக்காத விபத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு. அதை நினைத்தாலே அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு பெட்டியும் அதோடுதான் ஓடுகிறது. அப்படியானால் ஏன் கத்தவில்லை?

சோதனை அறிக்கைகளைத் திறந்தாள். நான்கு வருட அறிக்கைகள். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'எச்சரிக்கை ஒன்று. அறியப்பட்டது. தீங்கற்றது.'

அது விளக்கு எச்சரிக்கை. சோதனைக்கூடப் பெட்டிகளில் மட்டும் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருக்கும். நோயாளிகளின் பெட்டியில் கிடையாது. அந்த விளக்கின் நிரலில் ஒரு பூட்டு வரிசை தப்பு. ஒவ்வொரு பெட்டியும் ஓடத் தொடங்கிய நாலாவது நொடியில் சோதகன் அதைச் சொல்லிக் கத்தும். புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் பதறி ஓடி வருவார்கள், மூத்தவர்கள் சிரிப்பார்கள். அந்த எச்சரிக்கையை டீக் கோப்பையில் அச்சடித்து ஆண்டு விழாவில் பரிசாகக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அறியப்பட்டது.

சோதகனுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரே ஒரு முறைதான் கத்தும். முதல் தவறைச் சொன்னதும், இனித் தன் குறிப்புகளை நம்ப முடியாது என்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆக, நாலாவது நொடியில் விளக்குக்காகக் கத்திவிட்டு, நான்கு வருடங்களாக ஐந்தாவது நொடியிலிருந்து அது ஊமை. ஊமையின் மௌனத்தைத் தேர்ச்சி என்று எழுதி முத்திரை குத்தி வந்திருக்கிறார்கள்.

எந்த அறிவாளி இதைத் 'தீங்கற்றது' என்று எழுதினான் என்று பார்க்கத் தேடினாள். பெயர் வந்தது. தமயந்தி.

நினைவிருந்தது. விளக்கு நிரல் வேறொரு குழுவுடையது. அவர்களைத் திருத்தச் சொன்னால் மூன்று கூட்டம் போடுவார்கள். விளக்கின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவர்களோடு உட்கார அவளுக்கு இளப்பமாக இருந்தது. தீங்கற்றது என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அவள் எழுதியதில் பொய் இல்லை. அந்த விளக்கு யாரையும் கொன்றதில்லை.

இப்போது அந்தக் குழுவைக் கேட்காமலே விளக்கின் இரண்டு வரியைத் திருத்தி ஓட்டினாள். நாலாவது நொடி அமைதியாகக் கடந்தது. முப்பதாவது நொடியில் சோதகன் கத்தியது: கடிகாரம், நோட்டு, நோட்டு, கடிகாரம்.

மதியம் இரண்டு மணிக்குத் தரத்துறைத் தலைவர் பத்ரிநாத்தின் அறையில் நின்றாள். பத்ரிநாத் சென்னையிலிருந்து வந்தவர். எதைச் சொன்னாலும் அதைச் சதவீதமாக மாற்றிக் கேட்பவர்.

"எத்தனை முறைக்கு ஒரு முறை வரும்?"

"நூறு கோடி மூச்சுக்கு ஒண்ணு சார்."

அவர் முகம் மலர்ந்தது. "நூறு கோடியில ஒண்ணா? தமயந்தி, இது உலகத் தரம். இதைப் போஸ்டர் அடிச்சு ஒட்டலாம்."

"நாப்பத்தோராயிரம் பேர் சார். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபதாயிரம் மூச்சு. பெருக்குனா எம்பத்திரண்டு கோடி. வாரத்துக்கு ஆறு பெட்டி நிக்கும். நாலு பேர் முழிச்சிருப்பாங்க. ரெண்டு பேர் தூங்கிட்டிருப்பாங்க."

"புகார் டேட்டாவுல அப்படி எதுவும் வரலையே. வாரம் நாலு புகார் வருது. பெட்டி நின்னுது, திரும்ப ஓட்டுனதும் சரியாச்சு. 'சிறு அசௌகரியம்'னு வகைப்படுத்தியிருக்கோம். சீரியஸா ஒரு புகார்கூடக் கிடையாது."

"அந்த நாலுதான் சார் இந்த நாலு. தூங்கிட்டிருந்தவங்க எப்படி சார் புகார் குடுப்பாங்க?"

பத்ரிநாத் பேனாவை மூடினார், திறந்தார். "சரி, திருத்துங்க. முறைப்படி பண்ணுங்க. மூச்சு நிரல்ல ஒரு எழுத்து மாத்தினாலும் மறுசான்று வாங்கணும். ஒன்பது மாசம்."

"ஒம்பது மாசம்னா எம்பது பேர் சார். ஆனா நிரலைத் தொடாமலே ஒரு வழி இருக்கு. அறிக்கை இடைவெளிங்கறது வெறும் செட்டிங். இப்ப முப்பதுன்னு இருக்கு. அதைப் பூஜ்யமாக்குனா ரிப்போர்ட்டுக்காரன் வேலைக்கே வர மாட்டான். எதிர் வரிசைல எடுக்க ஆளில்லைன்னா முட்டவே முட்டாது. சான்று வேண்டாம், இன்னிக்கே முடியும்."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் வந்ததிலிருந்து அவர் உண்மையாகவே பதறியது அப்போதுதான்.

"ரிப்போர்ட்டை நிறுத்தறதா? கீழே ரிசப்ஷன் சுவர்ல என்ன ஓடுதுன்னு தெரியுமில்ல? 'இந்த நொடியில் நலமாக மூச்சுவிடுவோர்'னு நம்பர் ஓடுது. அது அங்கேருந்துதான் வருது. வியாழக்கிழமை முதலீட்டாளர்கள் வராங்க. சுவர்ல பூஜ்யம் காட்டணுமா? நாப்பத்தோராயிரம் பேரும் செத்துட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க!"

"நெசமா சாகறதவிட அது பரவாயில்லையே சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. வெள்ளிக்கிழமை இதுக்கு ஒரு குழு அமைப்போம். அதுக்கு நீங்களே தலைவரா இருங்க."

தமயந்தி தன் இடத்துக்குத் திரும்பினாள். எல்லாப் பெட்டிகளுக்கும் செட்டிங் அனுப்பும் அதிகாரம் அவளிடம்தான் இருந்தது. அதைக் கெர்னல் பொறுப்பாளரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. முப்பதை அழித்தாள். பூஜ்யத்தைத் தட்டினாள். அனுப்பு. நாற்பத்தோராயிரம் விலா எலும்புகளுக்குக் கீழே ரிப்போர்ட்டுக்காரன் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனான். முழுக்கப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. மேசை டிராயரில் இருந்த தன் பொருட்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சுவரில் எண் சரிவதைப் பார்க்க வரவேற்பறைக்கு இறங்கினாள். காவலாளிகள் வருவதற்குள் அதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

41,208.

பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து நிமிடம் ஆயிற்று. காவலாளி வந்தான், "டீ சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனான். 41,208. பிறகு எண் அசைந்தது.

41,209.

சுவர்ப் பலகையைக் கவனித்துக்கொள்ளும் ஜெபராணியின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜெபராணி தூத்துக்குடிக்காரி, பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள்.

"ஏங்க, பெட்டிங்கள்ல இருந்து வர்ற ரிப்போர்ட்ட நிறுத்தி அர மணி நேரமாச்சு. நம்பர் எப்படிங்க ஏறுது?"

"ரிப்போர்ட்டா?" ஜெபராணி சிரித்தாள். "அத இங்க யாரு பாக்கா? நாலு வருசத்துக்கு முன்னயே வாங்குறத நிப்பாட்டியாச்சுல்லா. முப்பது செகண்டுக்கு ஒண்ணு, அம்புட்டு பேருக்கும். எங்க கொண்டு வைக்க? எடமே பத்தல. வாசல்லயே தள்ளிவிட்ருவோம். பலகைக்கு விற்பனைக் கணக்க மாட்டி விட்ருக்கோம். ஒரு பெட்டி வித்தா ஒண்ணு கூடும். ஏன் மேடம், எதாச்சும் தப்பா காட்டுதா?"

ஒவ்வொரு முப்பது நொடிக்கும், ஒவ்வொரு நெஞ்சுக்குள்ளும் அந்த ஆள் நோட்டைப் பூட்டி, கடிகாரத்துக்குக் கை நீட்டி, 'நலம்' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். நான்கு வருடங்களாக அதை வாங்க வாசலில் ஒருவரும் இல்லை.

வரவேற்பறைக்கு வந்தாள். பலகைக்கு நேர் கீழே, அணைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடிச்சுட்டனுங்கண்ணா. உங்க பெட்டிக்கும் வந்திருச்சு. இனி அது முட்டாது. நீங்க தூங்கலாம்."

"எல்லாத்துக்குமா? எனக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்."

அவர் மடியிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "அந்த ரிப்போர்ட்டு யாருக்குங்க போயிட்டிருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். தமயந்தி சொல்லவில்லை. விளக்கைச் சொன்னாள், தான் எழுதிய 'தீங்கற்றது' என்ற சொல்லைச் சொன்னாள், ஜெபராணி சொன்னதையும் சொன்னாள். வழக்கமாக விளக்கும்போது அவள் கைகள் காற்றில் படம் போடும். இப்போது அவை மடியில் கிடந்தன.

அவர் திட்டவில்லை. தலையைத் தூக்கி மேலே ஓடும் எண்ணைப் பார்த்தார்.

"அப்ப அவ போன அன்னிக்கு இதுல ஒண்ணு கொறையலீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"இப்பவும் அவளையும் சேத்துத்தான் எண்ணிட்டு இருக்கறாங்களா?"

"ஆமாங்க."

அர்த்தநாரி எழுந்தார். தூக்கம் அவர் கண்களில் அப்போதே இறங்கியிருந்தது; ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் இங்கயே இந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் படுக்கறனுங்க. நீங்க போய் அவுங்ககிட்டச் சொல்லி ஒண்ணு கொறைச்சிட்டு வாங்க. கொறைச்சதும் என்னை எழுப்புங்க."